எக்சர்சைஸ் ஈசிஜிக்குத் துண்டு கிடைத்தால்: மலையகத்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கிளினிக்கில் டொக்டர் ஈசிஜி தாளை, அதாவது இதயத் துடிப்பைக் கோடாகப் பதிந்த தாளைப் பார்த்துவிட்டு, "இதில பெரிசா ஒண்ணும் தெரியல, எக்சர்சைஸ் ஈசிஜி ஒண்ணு எடுத்துப் பார்ப்போம்" என்று துண்டு எழுதிக் கொடுக்கிறார். ஸ்ட்ரெஸ் டெஸ்ட், ட்ரெட்மில் டெஸ்ட் என்று சொல்வதும் இதைத்தான். துண்டோடு லயத்துக்கு, தோட்டத்து வரிசை வீட்டுக்கு, வந்து சேர்வதற்குள் அது "ஓட வைக்கிற டெஸ்ட்" ஆகிவிடுகிறது. மெசினில் ஏற்றி மயங்கி விழும்வரை ஓட வைப்பார்களாம், கரண்ட் பிடிப்பார்களாம், வயதானவர்கள் தாங்க மாட்டார்களாம். இந்தப் பேச்சுக்குப் பயந்து திகதியை விட்டுவிட்டவர்களை எனக்குத் தெரியும். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தச் சோதனையில் பெரும்பாலானவர்கள் ஓடுவதே இல்லை, நடக்கத்தான் செய்கிறார்கள். உடம்புக்குள் கரண்ட் எதுவும் செலுத்துவதில்லை. வழக்கமாக ஊசியும் கிடையாது. நிறுத்துங்கள் என்று நீங்கள் சொன்னால் நிறுத்துவார்கள்.

ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா, பொகவந்தலாவை பக்கத்திலிருந்து முதல் முறையாக இந்தச் சோதனைக்குப் போகிறவர்களுக்கும், அவர்களோடு துணைக்குப் போகிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். பதுளை, பண்டாரவளை பக்கத்தவர்களுக்கும் பஸ் வழி மட்டும்தான் மாறும், மற்றதெல்லாம் இதேதான்.

எதற்காக நடக்க வைக்கிறார்கள்?

இதயமும் ஒரு தசைதான். உடம்புக்கெல்லாம் இரத்தம் அனுப்புகிற அதற்கே இரத்தம் கொண்டுவரும் குழாய்கள் தனியாக உண்டு. அந்தக் குழாய்களில் கொழுப்புப் படிந்து உள்வழி ஒடுங்கினாலும், சும்மா இருக்கும்போது வருகிற இரத்தம் போதுமானதாக இருக்கும். லயத்துப் பீலியில் ஒருவர் மட்டும் குடம் பிடிக்கும்போது தண்ணீர் குறைந்தது தெரியாது, காலையில் எல்லோரும் வரிசையில் நிற்கும்போதுதான் தெரியும். இதயத்திலும் அப்படித்தான். படுக்க வைத்து எடுக்கிற ஈசிஜி நன்றாக இருந்தும் ஏற்றத்தில் நெஞ்சு அடைக்கிறது என்றால், இதயத்துக்கு வேலை கொடுத்து, வேலை நடக்கும்போதே ஈசிஜி எடுத்துப் பார்க்க வேண்டும்.

திகதிக்கு முன்னால்: உங்கள் ஏற்றத்தைப் பற்றிச் சொல்லுங்கள்

நீங்கள் டொக்டரிடம் என்ன சொல்கிறீர்கள் என்பது மெசினைவிட முக்கியம். இருவருக்கு ஒரே மாதிரி ரிப்போர்ட் வந்தாலும், அவரவர் வலியின் கதையை வைத்துத்தான் டொக்டர் அதை எடைபோடுவார். கதையைச் சரியாகச் சொல்லாவிட்டால் ரிப்போர்ட்டும் பாதிப் பயன்தான் தரும்.

மலையில் வேலை செய்கிறவர்களுக்கு இதைச் சொல்ல நல்ல அளவு கையிலேயே இருக்கிறது. "நெஞ்சு நோகுது" என்பதோடு நிறுத்தாதீர்கள். "லயத்திலிருந்து மேல் ரோட்டுக்கு ஏறும்போது பாதிப் படியில் நடு நெஞ்சு அடைக்குது, நின்னா ரெண்டு மூணு நிமிஷத்தில விட்டுடுது, போன தீபாவளி நேரம் இப்படி இல்லை" என்று சொல்லிப் பாருங்கள், டொக்டர் பேனாவை எடுத்து எழுத ஆரம்பிப்பார். எந்த ஏற்றம், எவ்வளவு தூரம், நின்றால் விடுகிறதா, முன்பைவிடச் சீக்கிரம் வருகிறதா என்பவைதான் அவருக்குத் தேவை. பனிக் காலையில் கூடுகிறதா, சாப்பிட்ட கையோடு ஏறினால் கூடுகிறதா, கொழுந்துக் கூடையோடு வரும்போது மட்டும்தானா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். குளிர், நிறைந்த வயிறு, சுமை, ஏற்றம் ஆகிய நான்கும் இதயத்தின் வேலையைக் கூட்டுபவை. தோட்டத்தில் காலை நேரத்தில் நான்கும் ஒன்றாகவே வந்து சேரும்.

இங்கே ஒரு பழக்கத்தைப் பற்றிப் பேசத்தான் வேண்டும். நெஞ்சில் என்ன வந்தாலும் நம் ஆட்கள் "வாயு" என்றுதான் சொல்வார்கள். இஞ்சி போட்டு ஒரு பிளேன்டீ, கொஞ்சம் ஓமத் தண்ணீர், மேலே ஒரு தைலம், அதோடு மலைக்குப் போய்விடுவார்கள். வாயு இருக்கட்டும், யாருக்குத்தான் இல்லை? ஆனால் ஏற்றத்தில் வருவதும், நின்றால் விடுவதும் வாயுவின் குணமில்லை. இடது தோள், கை, தாடை, தொண்டை, முதுகு என்று எங்கே பரவினாலும் சொல்லுங்கள். பெண்களுக்கும் சீனி வருத்தக்காரர்களுக்கும் வலியே இல்லாமல் மூச்சு வாங்குவதும், காரணமில்லாத அசதியும் மட்டும் இருக்கலாம். "வேலைக் களைப்பு" என்று அதை நீங்களே தள்ளிவிடாதீர்கள்.

சோதனைத் திகதி சில கிழமைகள் தள்ளிக் கிடைத்திருக்கலாம். அதற்குள் வலி சும்மா உட்கார்ந்திருக்கும்போதே வந்தால், தூக்கத்தில் எழுப்பினால், முன்பைவிடக் குறைந்த தூரத்திலேயே அடிக்கடி வந்தால், திகதி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அந்த நிலையில் இந்தச் சோதனையைச் செய்வதே ஆபத்து, முதலில் வைத்தியம்தான். வலி 15 நிமிடத்துக்கு மேல் விடாமல் இருந்தாலோ, வலியோடு வியர்வையோ வாந்தியோ மயக்கமோ சேர்ந்து வந்தாலோ 1990க்கு அழையுங்கள். அந்த சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். தோட்டத்தின் பெயரோடு டிவிஷன் பெயரையும், கிட்ட இருக்கும் கோவில், பள்ளிக்கூடம், பெக்டரி ஏதாவதொன்றையும் சொல்லுங்கள். வண்டி லயம்வரை வராத இடமென்றால் நோயாளியை ரோட்டுக்கு நடக்க வைக்காதீர்கள். நாற்காலியில் உட்கார வைத்து ஆட்கள் தூக்கி வர வேண்டும். தோட்ட வண்டிதான் கிடைத்தது என்றால், முதலில் ஈசிஜி எடுக்கக்கூடிய கிட்டிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பெரியாஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும் என்று வழியில் மணிக்கணக்கை இழக்க வேண்டாம். அங்கிருந்து அவர்களே மாற்றி அனுப்புவார்கள்.

மாத்திரைகளைப் பற்றி முன்கூட்டியே கேளுங்கள்

துண்டு கிடைத்த அன்றே, கிளினிக்கை விட்டு வெளியே வருவதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: "டொக்டர், டெஸ்ட் அன்னைக்கு எந்தக் குளிசையை நிப்பாட்டணும், எதைப் போடணும்?"

அட்டெனலோல், பிசோப்ரோலோல், மெட்டோப்ரோலோல், கார்வெடிலோல் போன்றவை இதயத் துடிப்பைக் கூட விடாமல் பிடித்து வைப்பவை. டில்டியாசெம், வெரபமில் ஆகியவையும் ஓரளவுக்கு அப்படித்தான். துடிப்பு கூடாவிட்டால் சோதனை முழுமையாகாது. ஆகவே வருத்தம் இருக்கிறதா என்று கண்டுபிடிக்கவே சோதனை என்றால், ஒன்று இரண்டு நாள் முன்னதாக இவற்றை நிறுத்தச் சொல்லக்கூடும். வருத்தம் ஏற்கெனவே உறுதியாகி, மருந்தோடு எவ்வளவு தாங்குகிறீர்கள் என்று பார்க்கவென்றால் போட்டுக்கொண்டே வரச் சொல்வார்கள். இதை நீங்களாக முடிவெடுக்கக் கூடாது. பக்கத்து வீட்டுக்காரருக்கு நிறுத்தச் சொன்னார்கள் என்பதற்காக நீங்களும் நிறுத்தாதீர்கள். இந்த வகை மாத்திரையைச் சட்டென்று விட்டால் நெஞ்சு வலி கூடும், சிலருக்கு மாரடைப்பில் கொண்டுபோய் விடும். பதிலைக் கிளினிக் கொப்பியிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.

சீனி வருத்தக்காரர்கள் இன்சுலினைப் பற்றியும் குளிசையைப் பற்றியும் தனியாகக் கேட்க வேண்டும். சாப்பிடாமல் வழக்கமான அளவு இன்சுலினைப் போட்டுக்கொண்டு மெசினில் ஏறினால் சீனி இறங்கிவிடும். பையில் ரெண்டு டொபி இருக்கட்டும். நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையோ, இளைப்புக்கு பஃப்போ பாவிப்பவர்கள் அதையும் கொண்டுபோக வேண்டும்.

உடையும் சப்பாத்தும்

சேலையோடு மெசினில் ஏற முடியாது. பெண்களுக்கு முன்பக்கம் பட்டன் உள்ள தளர்வான பருத்திச் சட்டையும், சுரிதார் காற்சட்டை மாதிரி ஒன்றும் வசதி. நெஞ்சில் ஒட்ட வேண்டியிருப்பதால் மேல்சட்டையைத் திறக்கச் சொல்வார்கள், திரை மறைவு இருக்கும். பெண் நர்ஸ் ஒருவர் கூட இருக்க வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை, யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். "மிஸ், பொம்பளை ஆள் ஒருத்தங்க இருப்பாங்களா?" என்று உள்ளே போகும்போதே கேட்டுவிடுங்கள். சங்கிலி, தாலியை என்ன செய்வது என்பதையும் அவரிடமே கேளுங்கள். ஒட்டும் இடத்தை மறைக்காமல் ஒதுக்கி வைத்தாலே சில இடங்களில் போதும் என்பார்கள்.

ஆண்களுக்கு நெஞ்சில் முடி அடர்த்தியாக இருந்தால் அங்கங்கே சிரைப்பார்கள். வீட்டிலேயே சிரைத்துக் காயப்படுத்திக்கொண்டு போக வேண்டாம்.

காலுக்கு ரப்பர் செருப்போ பூட்ஸோ ஆகாது. வழுக்காத, காலைப் பிடித்து நிற்கும் சப்பாத்து வேண்டும். இதற்காகப் புதிதாக ஒன்றும் வாங்க வேண்டியதில்லை. பிள்ளையின் பள்ளிக்கூட வெள்ளைக் கென்வஸ் சப்பாத்து அளவாக இருந்தால் அதுவே போதும், முதல் நாள் போட்டு வாசலில் நாலு தடவை நடந்து பார்த்துக்கொள்ளுங்கள். கடிக்கிற சப்பாத்தோடு போனால் நெஞ்சுக்கு முன்னால் கால் தோற்றுவிடும்.

இன்னொன்று. முதல் நாள் இரவிலிருந்தே நெஞ்சில் சித்தாலேப, விக்ஸ், எண்ணெய், பவுடர் எதுவும் தேய்க்காதீர்கள். பிசுக்கு இருந்தால் ஒட்டுகிற வில்லைகள் வியர்வையில் கழன்று விழும், ஈசிஜி கோடு முழுக்கக் கிறுக்கலாக வரும்.

அன்று காலை

சோதனை கண்டி ஆஸ்பத்திரியில், எட்டு மணிக்கு அங்கே இருக்க வேண்டுமென்றால் மஸ்கெலியா, பொகவந்தலாவைக்காரர்கள் விடியுமுன் கிளம்ப வேண்டும். ஹட்டனிலிருந்தே கண்டிக்கு பஸ்ஸில் ரெண்டரை, மூன்று மணி நேரம் ஆகும். மழைக் காலத்தில் கினிகத்தேனைப் பக்கம் மண் சரிந்தால் அதற்கும் மேலே. கண்டியிலோ பேராதனையிலோ சொந்தக்காரர் வீடு இருந்தால் முதல் நாளே போய்த் தங்குவது நல்லது. தூக்கம் கெட்டு, பஸ்ஸில் வளைவுக்கு வளைவு குமட்டி, இறங்கியதும் ஓட்டமும் நடையுமாக ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்த உடம்பு சோதனைக்கு ஏற்றதில்லை. பஸ் ஸ்டாண்டிலிருந்து த்ரீவீலில் போங்கள், போய்க் கொஞ்ச நேரம் உட்காருங்கள். வழியில் வாந்தி எடுத்திருந்தால் நர்ஸிடம் சொல்லுங்கள்.

சோதனைக்கு ரெண்டு மூன்று மணி நேரத்துக்கு முன்னால் சாப்பாட்டை நிறுத்திவிட வேண்டும். அதற்கு முன் ஒரு துண்டு பாண், அரை ரொட்டி மாதிரி லேசாகச் சாப்பிடலாம். தண்ணீர் குடிக்கலாம். தேத்தண்ணிதான் நமக்குச் சிரமம். கண் விழித்ததும் ஒரு கோப்பை, பஸ் நிற்கிற இடத்தில் ஒரு கோப்பை என்று பழகியவர்கள் நாம். தேயிலையிலும் கோப்பியிலும் உள்ள கஃபீன் துடிப்பைப் பாதிக்கும், ஆகவே அன்று காலை அதை விட்டுவிடச் சொல்வார்கள். நடக்க வைக்காமல் மருந்து ஏற்றிச் செய்யும் சில சோதனைகளுக்கு முழுதாக 24 மணி நேரம் தேத்தண்ணி, கோப்பி, சொக்லேட் எதுவும் ஆகாது. உங்களுடையது எந்த வகை என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள். சிகரெட், பீடி, சுருட்டு வேண்டாம். வெற்றிலை போடுகிறவர்கள் புகையிலையையும் சேர்த்து ஒதுக்க வேண்டும், நிகொட்டின் எந்த வழியாகப் போனாலும் நிகொட்டின்தான்.

கையில் இருக்க வேண்டியவை: அடையாள அட்டை, கிளினிக் கொப்பி, துண்டு, பழைய ஈசிஜி தாள்கள், எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்திருந்தால் அதன் ரிப்போர்ட், போடுகிற குளிசைகள் அட்டையோடு, ஒரு துவாய், மாற்றுச் சட்டை. அரசாங்க ஆஸ்பத்திரியில் சோதனைக்குக் காசு கிடையாது. ஒரு நாள் பேர், அதாவது அன்றைய சம்பளம், போகிறதே என்று திகதியைத் தள்ளிப்போட நினைப்பவர்கள் பலர். அந்தக் கஷ்டம் எனக்கும் தெரியும். ஆனால் விட்ட திகதி திரும்பக் கிடைக்க நீண்ட காலமாகலாம், அதற்குள் இதயம் காத்திருக்கும் என்று யாரும் சொல்ல முடியாது.

அறைக்குள்

ஒப்புக்கொள்கிறேன் என்று ஒரு தாளில் கையொப்பம் கேட்பார்கள். சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ மட்டும் இருந்தால், என்ன எழுதியிருக்கிறது என்று தமிழில் கேட்டுத் தெரிந்துகொண்டு போடுங்கள். அதில் இருப்பது பெரும்பாலும் இதுதான்: சோதனை பாதுகாப்பானது, என்றாலும் சில ஆயிரம் பேரில் ஒருவர் என்ற அளவில் மாரடைப்பு போன்ற பெரிய சிக்கல் வரலாம். அதற்காகத்தான் டொக்டர் கிட்டவே இருக்கிறார், அவசர மருந்துகளும் ஷொக் கொடுக்கும் கருவியும் அறைக்குள்ளேயே இருக்கின்றன. சிலர் அந்தக் கருவியைப் பார்த்துவிட்டுத்தான் கரண்ட் கதையைக் கிளப்பிவிடுகிறார்கள்.

தோலை ஸ்பிரிட்டால் துடைத்து, கொஞ்சம் சொரசொரப்பான ஒன்றால் தேய்ப்பார்கள், லேசாக எரியும். பிறகு பத்து வில்லைகள்: தோள் எலும்புக்குக் கீழே ரெண்டு பக்கமும், இடுப்புப் பக்கம் ரெண்டு, மிச்சம் ஆறும் நடு நெஞ்சிலிருந்து இடது மார்புக்குக் கீழாக விலாப் பக்கம்வரை. ஒவ்வொன்றிலும் ஒரு வயர். வயர்கள் ஆடாமல் ஒரு பெல்ட்டில் கட்டுவார்கள். ஒரு கையில் பிரஷர் பட்டி. முதலில் படுக்க வைத்தும் நிற்க வைத்தும் ஒரு ஈசிஜி. அந்த நேரத்திலேயே பிரஷர் 200க்கு 110ஐத் தாண்டி நின்றால் வழக்கமாக அன்றைக்கு ஏற்ற மாட்டார்கள், பிரஷரை அடக்கிவிட்டு வேறு திகதி தருவார்கள். வால்வு மிகவும் ஒடுங்கியவர்கள், இதயம் பலவீனமாகி மூச்சுத் திணறலோடு இருப்பவர்கள் போன்றோருக்கும் இது இல்லை.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. உள்ளே இருப்பவர்களுக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம், துணைக்கு வந்தவரை வெளியே நிற்கச் சொல்லலாம். சிங்களம் சரளமாக வராதவர்கள் இந்த ஐந்தையும் வாயில் பழக்கிக்கொண்டு போங்கள். நெஞ்சு வலித்தால் "பப்புவ ரிதெனவா". மூச்சுத் திணறினால் "ஹுஸ்ம கன்ன அமாருய்". தலை சுற்றினால் "ஒலுவ கெரகெனவா". கால் வலித்தால் "கக்குல் ரிதெனவா". நிறுத்தச் சொல்ல "நவத்தன்ன". பேச முடியாத அளவுக்கு மூச்சு வாங்கினால் கையால் எப்படிச் சைகை காட்ட வேண்டும் என்பதையும் ஏறுவதற்கு முன்னால் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

நடை

காலுக்குக் கீழே தரை தானாக நகர்வதுதான் முதல் அதிர்ச்சி. முதல் அரை நிமிடம் கம்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள், கால் தானாகப் பழகிவிடும். கூடை தூக்கிப் பழகியவர்கள் ஏற்றம் என்றதும் தங்களை அறியாமலே முன்னால் குனிந்து, காலடியைப் பார்த்து ஏறுவார்கள். மலையில் அதுதான் சரி. மெசினில் கீழே பார்த்தால் ஓடுகிற பெல்ட் கண்ணைச் சுற்றும். நிமிர்ந்து எதிர்ச் சுவரைப் பார்த்து, கொஞ்சம் நீட்டி அடி எடுத்து வையுங்கள். பழகிய பிறகு கம்பியில் விரல் பட்டால் போதும். உடம்பின் பாரத்தைக் கம்பியில் போட்டுத் தொங்கினால் இதயம் செய்ய வேண்டிய வேலையைக் கை செய்துவிடும், ரிப்போர்ட் உங்களை இருப்பதைவிடத் தெம்பாகக் காட்டும்.

அதிகமாகப் பின்பற்றப்படுவது, ரொபர்ட் புரூஸ் என்ற அமெரிக்க இதய வைத்தியர் 1960களில் வகுத்த முறை. மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை வேகமும் சரிவும் சேர்ந்து கூடும். முதல் கட்டம் மணிக்கு 2.7 கிலோமீட்டர் வேகம், 10 சதவீதச் சரிவு, அதாவது நூறு அடி நடந்தால் பத்தடி ஏறுகிற மாதிரி. பேசிக்கொண்டே நடக்கலாம். இரண்டாவது 4 கிலோமீட்டர், 12 சதவீதம். மூன்றாவது கிட்டத்தட்ட 5.5 கிலோமீட்டர், 14 சதவீதம். இங்கேதான் பலருக்கு மூச்சு வாங்கத் தொடங்கும், மேல்சட்டை நனையும். நான்காவது 6.8 கிலோமீட்டர், 16 சதவீதம், இளவயதுக்காரர்கள் ஓடத் தொடங்குகிற இடம் அது. முதியவர்களுக்கும் உடம்பு தளர்ந்தவர்களுக்கும் சமதரையிலிருந்து தொடங்கும் மெதுவான முறை ஒன்று உண்டு. ஒவ்வொரு கட்டத்திலும் பிரஷர் பட்டி இறுக்கும். அந்தக் கையை ஆட்டாமல் தளர விடுங்கள். மேல் பிரஷர் 160, 180 என்று ஏறுவதைத் திரையில் பார்த்துப் பயப்படாதீர்கள், வேலை செய்யும்போது ஏறத்தான் வேண்டும். ஏற வேண்டியது இறங்கினால்தான் டொக்டர் கவலைப்படுவார்.

எவ்வளவு நேரம்? 220இலிருந்து வயதைக் கழித்தால் வருவது அந்த வயதுக்கான உச்சத் துடிப்பு. அதில் 85 சதவீதத்தையாவது தொட்டால்தான் சோதனை போதுமானது என்பார்கள். 55 வயதுக்காரருக்கு உச்சம் 165, தொட வேண்டியது 140. நன்றாக இருந்தால் அதைத் தாண்டியும் நடக்க விடுவார்கள். மொத்த நடை பெரும்பாலும் ஆறிலிருந்து பன்னிரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

இந்த நிமிடங்களில் நம் ஆட்கள் செய்கிற பெரிய பிழை, வலியை மறைப்பது. "டொக்டர் முன்னாடி ஏலாதுன்னு எப்படிச் சொல்றது" என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடப்பார்கள். தோட்டத்தில் ஏலாது என்றால் அரைப்பேர்தான், பாதிச் சம்பளம்தான், விழும். அந்தப் பயத்தில் வளர்ந்த பழக்கம் இது. இங்கே அது கெடுதல் மட்டுமே செய்யும். நெஞ்சில் லேசான இறுக்கம் தொடங்கிய அந்த நொடியிலேயே சொல்லுங்கள். சொன்னவுடன் நிறுத்திவிடுவார்கள் என்றில்லை. எந்த நிமிடத்தில், எந்தத் துடிப்பில் தொடங்கியது என்று குறித்துக்கொண்டு, ஈசிஜியைப் பார்த்தபடி இன்னும் கொஞ்சம் நடக்க வைக்கலாம். அந்தக் குறிப்புக்காகத்தான் நீங்கள் இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள். தலைசுற்றல், கண் இருட்டுவது, கெண்டைக்கால் கட்டிப்பிடிப்பது எல்லாவற்றையும் சொல்லுங்கள். நடக்கும்போது கெண்டைக்கால் பிடித்து, நின்றால் விடுவது கால் இரத்தக் குழாயின் ஒடுக்கத்தையும் காட்டலாம்.

மறுபக்கமும் உண்டு: வலியே இல்லாமல், வெறும் பயத்தில் மூன்றாம் நிமிடமே "போதும்" என்று இறங்குவது. துடிப்பு கூடாத சோதனையை வைத்து நல்லது என்றும் சொல்ல முடியாது, கெட்டது என்றும் சொல்ல முடியாது. மூச்சு வாங்குவதும் வியர்ப்பதும் கால் களைப்பதும் எதிர்பார்க்கப்படுபவைதான். அதற்காக இறங்க வேண்டாம்.

இறங்கிய பிறகு

பெல்ட்டை மெதுவாகக் குறைப்பார்கள், அல்லது நிறுத்தியதும் படுக்க வைப்பார்கள். வயர்களைக் கழற்ற அவசரப்படாதீர்கள். சிலருக்கு ஈசிஜி மாற்றம் ஓய்வின்போதுதான் தெரியவரும், ஆகவே ஐந்து பத்து நிமிடம் தொடர்ந்து பதிவார்கள். இந்த நேரத்தில் நெஞ்சில் ஏதாவது தோன்றினாலும் சொல்ல வேண்டும். முடிந்ததும் சட்டையை மாற்றி, வெளியே கொஞ்ச நேரம் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, ஏதாவது சாப்பிடுங்கள். இப்போது தேத்தண்ணி குடிக்கலாம். நிறுத்திய குளிசையை எப்போது திரும்பத் தொடங்குவது என்று கேட்காமல் வராதீர்கள். பஸ்ஸைப் பிடிக்க ஓட வேண்டாம்.

ரிப்போர்ட் என்ன சொல்கிறது?

நெகட்டிவ் என்றால், போதுமான துடிப்புவரை நடந்தும் இரத்தக் குறைவுக்கான அடையாளம் தெரியவில்லை என்று பொருள். அது நல்ல செய்தி. அதுவும் மூன்றாம் கட்டத்தை முடித்தவர்கள் 10 மெட்ஸ் அளவை எட்டியிருப்பார்கள், அதாவது சும்மா உட்கார்ந்திருப்பதைப் போலப் பத்து மடங்கு உழைப்பு. அதுவரை வலியோ மாற்றமோ இல்லாமல் போனவர்களுக்குக் கிட்டிய காலத்தில் ஆபத்து குறைவு. ஆனாலும் இந்தச் சோதனை பெரிய ஒடுக்கத்தைத்தான் பிடிக்கும். குழாயில் சின்னதாகப் படிந்திருப்பது இதில் தெரியாது, அது வெடித்து அடைத்தாலும் மாரடைப்பு வரலாம். நெகட்டிவ் வந்ததற்காகப் பிரஷர் குளிசையை நிறுத்துவதும், சுருட்டைத் திரும்பப் பற்றவைப்பதும், புதிதாக வந்த வலியைப் பொருட்படுத்தாமல் விடுவதும் கூடாது.

பொசிட்டிவ் என்றால் ஈசிஜி கோட்டின் ஒரு பகுதி, நடக்கும்போது ஒரு மில்லிமீட்டரோ அதற்கு மேலோ கீழே இறங்கியிருக்கிறது என்பது பொதுவான பொருள். அதுவே அடைப்பு இருக்கிறது என்ற தீர்ப்பாகிவிடாது. பெண்களுக்குக் குழாய் நன்றாக இருந்தும் இப்படி வருவது ஆண்களைவிட அதிகம். எந்த நிமிடத்தில் வந்தது, எவ்வளவு இறங்கியது, வலியோடு வந்ததா, எவ்வளவு நேரம் நீடித்தது என்பதையெல்லாம் பார்த்து மருந்தா, அஞ்சியோகிராமா (குழாய்க்குள் மருந்து செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே படம்), வேறு ஸ்கேனா என்று முடிவு செய்வார்கள். முதல் கட்டத்திலேயே வலியோடு வந்திருந்தால் அவசரம் கூட. கண்டி தேசிய வைத்தியசாலையில் அஞ்சியோகிராம் வசதியும் இதயச் சத்திரசிகிச்சைப் பிரிவும் இருக்கின்றன, எல்லாவற்றுக்கும் கொழும்புக்கு ஓட வேண்டியதில்லை.

மூன்றாவது வகை, "முடிவு சொல்ல முடியாது". துடிப்பு போதுமான அளவு கூடவில்லை, அல்லது படுத்திருக்கும்போதே ஈசிஜி வழக்கத்துக்கு மாறாக இருந்தது. இது யாருடைய தோல்வியும் இல்லை. முழங்கால் தேய்ந்து நடக்க ஏலாதவர்களுக்கும், இதயத்தின் இடது பக்க மின்பாதை தடைப்பட்டவர்களுக்கும், பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கும் டொபுட்டமின் என்ற மருந்தை நரம்பில் ஏற்றித் துடிப்பைக் கூட்டி எக்கோவில் பார்க்கும் சோதனை போன்ற வேறு வழிகள் உள்ளன. "எனக்குக் கால் ஏலாது, வேற வழி இருக்கா?" என்று துண்டு எழுதும்போதே கேட்டால் ஒரு பயணம் மிச்சமாகும்.

ரிப்போர்ட் தாளைக் கையில் தந்தால் அன்றே போனில் தெளிவாகப் படம் எடுத்து வையுங்கள். ஈசிஜி அச்சாகிற தாள் பலவும் சூட்டுக்கு மங்கும் வகை. அடுப்புக்கு மேலே பரணில் வைத்தாலோ, பிளாஸ்டிக் உறையில் போட்டு வெயிலில் விட்டாலோ சில மாதத்தில் கோடு காணாமல் போய்விடும். ஒரு போட்டோகொப்பி எடுத்துக் கிளினிக் கொப்பிக்குள் ஒட்டுங்கள், இன்னொன்றைத் தோட்ட டிஸ்பென்சரியில் காட்டிவிட்டு வாருங்கள். இரவில் உங்களுக்கு ஏதாவது என்றால் முதலில் கதவைத் தட்டப்போவது அங்கேதான்.